நாற்பத்து மூன்று குறைகளும் ஒரு பாஸ் ஸ்டாம்பும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ரிஜெக்ட் அண்ணாச்சி குறை சொல்லாத பொருள் ஒன்று இருந்தால், அதை அவர் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். வில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. காலையில் பஸ் ஏறும்போதே கம்பியை ஆட்டிப் பார்த்து, அது ஆடுகிறது என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, பிறகு அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அச்சு சாய்ந்திருப்பதைக் காட்டுவார். அந்த வழித்தடத்துக் கண்டக்டர்கள் அவருக்கென்று நேராக அச்சான டிக்கெட்டாகப் பார்த்துக் கிழிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் நம்பவில்லை. ஆனால் ஒருநாள் அவரோடு ஒரே பஸ்ஸில் வந்தபோது பார்த்தேன், என் டிக்கெட் சாய்ந்திருந்தது, அவருடையது நேராக இருந்தது.

தொழிலும் அவருக்குத் தோதாகவே வாய்த்திருந்தது. நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்த நூல் மில்லில் அவர்தான் தரம் பார்ப்பவர். ஓடுகிற மெஷினிலிருந்து நூலை எடுத்து வந்து, டெஸ்டிங் ரூமில் வைத்து இழுத்து அறுத்துப் பார்ப்பார். எவ்வளவு பலத்துக்கு அறுகிறது, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று சிலிப்பில் எழுதுவார். மேஜையில் இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள் உண்டு. ஒன்றில் 'ரிஜெக்ட்', இன்னொன்றில் 'பாஸ்', இரண்டும் ஆங்கிலத்தில். ரிஜெக்ட் ஸ்டாம்பின் கைப்பிடி அவருடைய கட்டை விரல் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்துவிட்டது. பாஸ் ஸ்டாம்பில் மையே பட்டதில்லை. அதன் ரப்பரில் கடையில் வாங்கிய அன்றைய வாசனை அப்படியே இருந்தது.

அப்படியானால் மில் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். நல்ல நூலுக்கு அவர் ஸ்டாம்ப் அடிக்க மாட்டார், அவ்வளவுதான். சிலிப்பின் ஓரத்தில் பேனாவால் 'போகட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். எங்கள் நூல் திருப்பூர் போனதும் ஈரோடு போனதும் கடல் தாண்டிப் போனதும் அந்த ஒற்றைப் 'போகட்டு'மில்தான். நன்றாகத்தானே இருக்கிறது, ஒரு பாஸ் அடித்தால் என்ன குறைந்துவிடும் என்று மேனேஜர் ஒருமுறை கேட்டார். அதற்கு அண்ணாச்சி, "மனசு நெறஞ்சாத்தான் சார் பாஸ். இன்னும் நெறையல" என்று சொல்லிவிட்டு அடுத்த நூலை அறுக்கப் போய்விட்டார்.

ரிஜெக்ட் அண்ணாச்சி என்ற பட்டப்பெயரை அவர் காதுக்கு எட்டவிடாமல் ஒரு மில்லே சேர்ந்து காப்பாற்றி வந்தது. அவர் இல்லாதபோது வாட்ச்மேன் முதல் முதலாளி வீட்டு டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட் அண்ணாச்சி. அவர் தலை தெரிந்ததும் வெறும் அண்ணாச்சி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு இரண்டு எச்சரிக்கை கிடைத்தது. கேண்டீனில் பத்தரை மணிக்கு மேல் வடை இருக்காது. அண்ணாச்சி எதிரில் வாய் தவறிக்கூட அந்தப் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. முதலாவதை இரண்டு நாளில் மறந்து பட்டினி கிடந்தேன். இரண்டாவதை நான் மறக்கவே இல்லை.

அவருக்குப் பெண் அமைந்த கதையை அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். வத்திராயிருப்பில் பெண் பார்க்கப் போயிருக்கிறார் அண்ணாச்சி. காபியோடு வந்து நின்ற பெண்ணை எல்லோரும் பார்க்க, இவர் மட்டும் சேலையைப் பார்த்துவிட்டு, முந்தியில் ஒரு இழை விட்டுப்போயிருக்கிறது என்றாராம். பெண் உள்ளே போய், கூடத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில், மாப்பிள்ளை சட்டையில் இரண்டாவது பித்தான் மட்டும் வேறு நிறம் என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். வேறு நிறம்தான். வெளியே வந்ததும், இனி வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று தன் வீட்டாரிடம் சொல்லிவிட்டாராம்.

ஆடிப்பூரத் தேரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஊரே வடம் பிடிக்கிறபோது இவர் வடத்தின் முறுக்கைக் கட்டை விரலால் நெருடிப் பார்த்து, அடிக்கு இன்னும் இரண்டு முறுக்கு இருந்திருக்கலாம் என்று பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே உள்ளங்கை சிவக்கிற மாதிரி இழுத்தார். மறுநாள் மில்லில் பேனா பிடிக்கவே சிரமப்பட்டார். எந்த வடத்தை நம்பவில்லையோ அந்த வடத்தைத்தான் அப்படி இழுத்திருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

அந்தத் தேரோட்டத்தின்போது தெருவோரக் கடையில் வாங்கிய சிடிதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்குக் காரணம். அட்டையில் 'நூற்றெட்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகள்' என்று போட்டிருந்தது. விலை, நாலு பஜ்ஜி சாப்பிடுகிற காசு. அண்ணாச்சி வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அவருக்கு விளையாட்டில் ஆசையும் கிடையாது. நூற்றெட்டு என்று தைரியமாகப் போட்டிருக்கிறானே, அது சரியா என்று எண்ணிப் பார்க்கத்தான் வாங்கினார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிடியோடு என் மேஜைக்கு வந்தார். "தாயி, செத்த நேரம் இந்த மெஷினைக் குடு. ஒரு எண்ணிக்கை பாக்கணும்" என்றார். நான் தயிர்சாதத்தோடு பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தேன். ஒவ்வொரு விளையாட்டாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தோம். ஒன்று திறக்கவில்லை. இன்னொன்று திறந்து உடனே மூடிக்கொண்டது. கார்ப் பந்தயம் என்று போட்டிருந்ததில் ரோடு இருந்தது, கார் இல்லை. ஒரு வாரம் இப்படியே ஓடியது. நூற்றேழு தேறவில்லை. அண்ணாச்சி முகத்தில் நாளுக்கு நாள் ஒளி கூடிக்கொண்டே வந்தது. அவர் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான ரிஜெக்ட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

கடைசியாக இருந்த நூற்றெட்டாவது மட்டும் திறந்துகொண்டது. அது பின்பால். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சரிவான ஒரு பலகை. அதன்மேல் ஒரு இரும்புக் குண்டு உருண்டு வரும். கீழே வலப்பக்கமும் இடப்பக்கமும் இரண்டு துடுப்புகள். குண்டு நடு இடைவெளியில் விழுந்துவிடாமல் துடுப்பால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். மேலே உள்ள முளைகளில் குண்டு மோத மோதப் புள்ளி ஏறும். மூன்று குண்டும் விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

ஒழுங்காகச் செய்திருந்தால் அவ்வளவுதான் விளையாட்டு. இதைச் செய்த புண்ணியவான் எங்கேயோ பாதியில் எழுந்து சாப்பிடப் போயிருக்கிறான். இடது துடுப்பை அமுக்கினால் குண்டு அதை ஊடுருவிக்கொண்டு ஆவி மாதிரி கீழே போய்விடும். அமுக்காமல் சும்மா விட்டால் அதில் பட்டுத் திரும்பும். குண்டு மோதி அரை நிமிஷம் கழித்து 'டங்' என்று சத்தம் வரும். நன்றாக ஆடும்போது ஊமையாக இருக்கிற கம்ப்யூட்டர், குண்டு விழுந்ததும் கைதட்டும். பலகையைக் குலுக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் பலகை குலுங்கும், அதன் மேல் உள்ள குண்டு அசையாது. நடுவில் ஒரு புலி படம். அந்தப் புலி எதற்காகவோ ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி அதையும் குறித்துக்கொண்டார்.

மில்லில் நூலுக்கு எழுதுகிற அதே படிவத்தில் எழுத ஆரம்பித்தார். சாம்பிள் எண்ணிக்கை ஒன்று, கிடைத்த இடம் தேர்க்கடை, குறை ஒன்று, குறை இரண்டு என்று போனது. தினமும் மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை அவர் விளையாடுவார், நான் அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். அவர் அதை விளையாட்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை, டெஸ்ட் என்றுதான் சொல்வார். முழு ரிப்போர்ட்டையும் தயாரித்தவனுக்கே அனுப்பிவைப்பது அவர் எண்ணம். ஆனால் சிடி அட்டையில் முகவரி இல்லை. கடையைத் தேடிப் போனால், தேர் முடிந்ததும் கடைக்காரர்கள் சிவகாசிப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். முகவரி இல்லாதது இருபத்தெட்டாவது குறையாக ரிப்போர்ட்டில் ஏறியது.

இதற்கிடையில் சிடியின் பலத்தையும் சோதித்துவிட்டார். எங்கள் மில் வழக்கம் அது. நூல் எவ்வளவு தாங்கும் என்று அறிய அதை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். அண்ணாச்சி அதே முறையில் சிடியின் மேல்பூச்சு எவ்வளவு தாங்கும் என்று அறிய ஒரு நாணயத்தால் சுரண்டிப் பார்த்தார். பூச்சு தாங்கவில்லை என்று எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சிடி எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடவில்லை. ஏற்கெனவே என் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்ததால் அதில் மட்டும் விளையாட்டு பிழைத்துக்கிடந்தது.

குறை எழுத எழுத அவருக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது. எங்கே குண்டு ஏமாற்றும், எந்தத் துடுப்பை அமுக்கக் கூடாது, எந்த முளை இரண்டு தடவை புள்ளி கொடுக்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஆட்டம் முடிந்தால் முதல் ஐந்து பேர் பட்டியல் ஒன்று வரும். வாங்கும்போதே அதில் ஐந்து வெள்ளைக்காரப் பெயர்கள் இருந்தன. முதலிடத்தில் மைக் என்று ஒருவன். ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் புள்ளி.

ஒருநாள் அண்ணாச்சி ஐந்தாவது இடத்துக்கு வந்துவிட்டார். பெயர் கேட்டது கம்ப்யூட்டர். அவருடைய பெயர் ஊர்ப்பெயர், அப்பா பெயர், குலதெய்வத்தின் பெயர் எல்லாம் சேர்ந்து பஸ்ஸின் நெற்றிப் பலகை நீளத்துக்கு வரும். அந்தக் கட்டத்திலோ ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் இடமில்லை. ஆறாவது எழுத்தோடு பெயர் நின்றுவிட்டது. "பேரையே அத்துப்புட்டானே" என்று அவர் திரையைத் தடவிப் பார்த்தார். அறுந்த பெயரானாலும் பட்டியலில் இருக்கிறதே என்று மாலையில் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் திறந்தால் பட்டியலில் பழையபடி ஐந்து வெள்ளைக்காரர்கள். விளையாட்டை மூடினால் பட்டியல் அழிந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று மாலை வரை மில்லில் எந்த நூலுக்கும் 'போகட்டும்' கிடைக்கவில்லை.

பெரிய குறை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒருநாள் மதியம் ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூறைத் தாண்டினார். பத்து லட்சம் வரும் என்று நானும் எழுந்து நின்றேன். வந்தது ஆறு பூஜ்யம். பலகையில் ஆறு இலக்கத்துக்குத்தான் இடம், அதற்கு மேல் போனால் மறுபடி முதலிலிருந்து. ஆட்டம் முடிந்தபோது பன்னிரண்டாயிரம் என்று காட்டியது, பட்டியலில் சேர்க்கவில்லை.

நான் ஐயோ என்று உட்கார்ந்தேன். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மானிட்டரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டார். மில்லில் மெஷின் எவ்வளவு ஓடியது என்று காட்டுகிற மீட்டர் உண்டு. அது கடைசி இலக்கத்தைத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வந்தால், ஓட்டுகிறவர் மெஷின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைப்பார். மெஷின் பூஜ்யம் என்று காட்டினாலும் கோட்டைப் பார்த்தவருக்கு உண்மை தெரியும். அந்தக் கோடு அண்ணாச்சிக்குப் போதுமானதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"இந்த மைக்குப் பயலை ஒரு தடவையாவது எறக்கிப்புடணும் தாயி" என்றார் அவர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அடுத்தவன் செஞ்சதைப் பாத்துப் பாத்தே முப்பது வருசம் ஓடிப்போச்சு. நூலு மில்லு பேருல போகுது. நம்ம பேரு எங்கயாச்சும் இருக்கா சொல்லு. ஒரு தடவை அந்த மொத வரியில நம்ம பேரு நிக்கணும்."

அதுவரை நான் மதிய வேளையில் பொழுது போக்கத்தான் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பிறகு நானும் கட்சி சேர்ந்துவிட்டேன். வீட்டில் சாமி கும்பிடும்போது மைக் என்ற பெயர் நடுவில் வந்து போனது.

ஆனால் மைக்கை இறக்குவது லேசில்லை. புள்ளி ஐந்நூறு ஐந்நூறாகத்தான் ஏறும். மைக்கைத் தாண்ட வேண்டும், பத்து லட்சத்தைத் தொட்டுவிடக் கூடாது. அந்த இடைவெளியில் மொத்தமே மூன்று எண்கள்தான். தொண்ணூற்றெட்டு ஐந்நூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பது ஐந்நூறு. அந்த மூன்றில் ஒன்றில் நிற்கும்போது கடைசிக் குண்டைத் தானே விழவிட வேண்டும். ஒரு முளை கூடுதலாக மோதினால் எல்லாம் பூஜ்யம். அண்ணாச்சி நாலைந்து தடவை நெருங்கி, தாண்டிப் போய்விட்டார். மானிட்டர் ஓரத்தில் சாக்பீஸ் கோடுகள் வரிசையாக நின்றன. பெருக்க வருகிற அம்மாவிடம் அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு செய்தி சொன்னார். மில்லுக்குப் புது சாப்ட்வேர் வருகிறது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மதுரையிலிருந்து ஆள் வந்து என் கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார். தேவையானதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் விளையாட்டை எடுத்து வைக்கப் பார்த்தேன். பாதியில் நின்று, முடியாது என்றது. அது நாற்பத்து இரண்டாவது குறை. பட்டியல் அழிகிற குறையை அண்ணாச்சி மறக்காமல் கடைசியில் எழுதச் சொன்னார். அது நாற்பத்து மூன்று.

சனிக்கிழமை ஒரு மணிக்கு அண்ணாச்சி சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுத் தூக்கு என் மேஜையில் திறக்காமல் இருந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒவ்வொருவராகக் காகிதம் தேடுகிற சாக்கில் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்கள். மேனேஜரும் வந்தார். விளையாட்டைக் கண்டிக்கத்தான் வந்திருப்பார். திரையைப் பார்த்தவர் எவ்வளவு என்று கேட்டார். மூன்று லட்சம், முதல் குண்டு என்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது குண்டு ஏழு லட்சத்தில் விழுந்தது. மதுரைக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். மேனேஜர் அவரை உட்காரச் சொல்லி, டீ வாங்கி வர ஆள் அனுப்பினார். டீ வந்தது. அவர் குடித்துவிட்டு எழுந்தார். மேனேஜர் இன்னொரு டீ சொன்னார். எங்கள் மில் வரலாற்றில் வெளியாளுக்கு இரண்டாவது டீ அன்றைக்குத்தான் வாங்கிக் கொடுக்கப்பட்டது.

மூன்றாவது குண்டு. நான் புள்ளிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது எண்பது. ஒன்பது தொண்ணூறு. அண்ணாச்சியின் கழுத்தில் வியர்வை இறங்கியது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு, மைக்குக்குச் சமம். தொண்ணூற்றெட்டு ஐந்நூறு என்று நான் சொன்னதும் அண்ணாச்சி கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இத்தனை நாளும் ஏமாந்தால் விழுந்துகொண்டிருந்த குண்டு அன்றைக்கு விழ மறுத்தது. கை வைக்காமல் விட்ட துடுப்பில் தானே பட்டு மேலே போனது. தொண்ணூற்றொன்பதாயிரம். இறங்கி வந்து, இடைவெளியின் விளிம்பைத் தொட்டு, திரும்பவும் மேலே போனது. தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூறு. இனி ஒரு முளையில் பட்டால் முடிந்தது. மேனேஜர் பதற்றத்தில் வீட்டுத் தெலுங்குக்குப் போய் என்னவோ முணுமுணுத்தார். குண்டு இன்னொரு முளையை நோக்கிப் போய், அதைத் தொடாமல் விலகி, மேலே இடது மூலையில் போய் சிக்கிக்கொண்டது.

அது மூன்றாவது குறை. அந்த மூலையில் சிக்கினால் குண்டு நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். ஏறாது, இறங்காது. குலுக்கினாலும் அசையாது. விளையாட்டை மூடித்தான் ஆக வேண்டும். மூடினால் எல்லாம் போச்சு. புலி மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மதுரைக்காரர் இரண்டாவது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகிறது சார் என்றார்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தாயி, ரிப்போர்ட்டுல பதினேழாம் நம்பரை வாசி."

பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். "குறை பதினேழு. குண்டு மூலையில் சிக்கியிருக்கும்போது சத்தத்தை நிறுத்தினால், குண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு நேராகக் கீழே விழுகிறது. மன்னிக்க முடியாத குறை." மன்னிக்க முடியாத என்பதற்குக் கீழே அவரே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அண்ணாச்சி சத்தத்தை நிறுத்தினார். குண்டு ஒரு நொடி யோசித்தது. பிறகு மூலையை விட்டு, முளைகளையும் துடுப்புகளையும் புலியையும் ஊடுருவிக்கொண்டு நேராகக் கீழே இறங்கியது. "படிந்தி" என்று கத்திவிட்டார் மேனேஜர். விழுந்துவிட்டது என்று எங்களுக்குத் தெலுங்கு தெரியாமலே புரிந்தது. திரையில் ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூறு அப்படியே நின்றது. மைக் இரண்டாவது வரிக்கு இறங்கினான். முதல் வரியில் ஆறு எழுத்துக்கான காலிக் கட்டம் மினுக்கியது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அப்பா பெயரை விட்டுவிடலாம், இனிஷியல் மட்டும் போடலாம் என்றார்கள். அண்ணாச்சி யாரையும் கவனிக்கவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். முதல் எழுத்து ஆர். அது அவர் பெயரில் இல்லாத எழுத்து. இரண்டாவது ஈ. மூன்றாவது எழுத்து ஜே என்று விழுந்தபோது நான் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். ஆறாவது எழுத்தைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தார். கட்டம் சரியாக நிறைந்திருந்தது. முதல் வரியில் 'ரிஜெக்ட்' என்று இருந்தது.

முப்பது வருஷம் மில்லே கட்டிக்காத்த ரகசியம் திரையில் பளிச்சென்று தெரிந்தது. மேனேஜர் கூரையைப் பார்த்தார். நான் என் தூக்குவாளியைப் பார்த்தேன். அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு இருந்தீகளாக்கும்" என்றார். "முழுசா நிக்கிற பேரு அது ஒண்ணுதான. ஒரு எழுத்து அறல பாருங்க."

முதலில் சிரித்தது மேனேஜர். பிறகு ஆபீஸே சிரித்தது. மதுரைக்காரர் எதற்கு என்று தெரியாமலே சிரித்தார். அண்ணாச்சி சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் சற்று உள்ளே தள்ளியிருக்கும் அவருக்கு. அதை யாரும் குறை சொல்ல முடியாது, அவ்வளவு அழகாக இருந்தது.

இப்போதென்றால் ஆளுக்கொரு படம் எடுத்திருப்போம். அப்போது எங்களிடம் இருந்த போன்களில் பேச மட்டும்தான் முடியும். மூடினால் பட்டியல் போய்விடுமே, திங்கட்கிழமை வரை அப்படியே விட்டுவைக்கலாமா என்று மேனேஜரே கேட்டார். அவர் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மதுரைக்காரரும் சரி என்று பையைத் தூக்கிவிட்டார்.

அண்ணாச்சி எழுந்து டெஸ்டிங் ரூமுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அந்தப் பாஸ் ஸ்டாம்பும் ரிஜெக்ட்டுக்கு வைத்திருக்கும் சிவப்பு மைப்பெட்டியும் இருந்தன. நாற்பத்து மூன்று குறைகள் எழுதிய ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை என்னிடம் வாங்கி மேஜையில் பரப்பினார். புது ரப்பர் முதல் தடவை மையை வாங்கவில்லை. அழுத்தி ஒற்றி, ரிப்போர்ட்டின் கீழே ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பாஸ். சிவப்பு மையில், கொஞ்சம் சாய்வாக.

இத்தனை குறை இருக்கிறதே அண்ணாச்சி என்று கேட்டேன். எல்லாக் குறையும் தெரிந்த பிறகும் மனசு நிறைந்துவிட்டது, அதற்கு என்ன செய்வது என்றார். சொல்லிவிட்டுத் தானே குனிந்து விளையாட்டை மூடினார். நான் தடுக்கப் போனேன்.

"பாஸ் பண்ணுன சரக்கை அனுப்பிப்புடணும் தாயி. வச்சுக்கிட்டே இருந்தா ஸ்டாக்குதான் ஏறும்" என்று சொல்லிவிட்டு, மதுரைக்காரருக்கு நாற்காலியைக் காட்டினார். பிறகு தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தில் புளி கூடுதல் என்றார்.

அந்த ரிப்போர்ட் இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. மானிட்டரை மில்லில் பழைய இரும்போடு போட்டபோது, ஓரத்துச் சாக்பீஸ் கோடுகளைத் துடைக்காமலே ஏற்றி அனுப்பினார்கள். அண்ணாச்சி ஓய்வு பெற்று வில்லிபுத்தூரில் இருக்கிறார். விடைபெற்ற அன்று மில்லில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ரிஜெக்ட் ஸ்டாம்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்த பிறகு புரிந்தது. ஒவ்வொரு வாரமும் என் பக்கத்தைக் கிழித்து, குறைகளுக்கு நம்பர் போட்டு, கீழே ரிஜெக்ட் அடித்துத் தபாலில் அனுப்புகிறார். மனைவி பார்த்துச் சொன்ன குறைகள் தனியாகப் பச்சை மையில் இருக்கும். ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். நடுவில் ஒருமுறை அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது மூன்று வாரம் தபால் வரவில்லை. அந்த மூன்று வாரமும் நான் எழுதியதில் ஒரு வரிகூட எனக்கே பிடிக்கவில்லை. நாலாவது வாரம் பதினோரு குறைகளோடு உறை வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இந்தப் பக்கமும் அவர் கைக்குப் போகும். நாற்பத்து மூன்றைத் தாண்டுவேன் என்று நினைக்கிறேன். எத்தனை குறை வேண்டுமானாலும் இருக்கட்டும், ஸ்டாம்ப் அடித்துச் சீக்கிரம் அனுப்புங்கள் அண்ணாச்சி. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் வாசலில்தான் நிற்பேன்.